கப்பல் கட்டில்

"அண்ணாச்சி, கட்டிலைச் சேத்துப் போடணுமா, பிரிச்சுப் போடணுமா? சாயங்காலத்துக்குள்ள கப்பல்காரனுக்குப் பதில் சொல்லணும்."

டெலிபோனில் சகாயராஜ் கேட்டது சாமியப்பனுக்கு விளங்கவில்லை. கப்பலுக்கும் கட்டிலுக்கும் என்ன சம்பந்தம் என்று யோசித்தார். அவர் வேலை பார்க்கும் கம்பெனியிலிருந்து இதுவரை பனியனும் ஜட்டியும்தான் கப்பலேறியிருந்தன. கட்டில் எதுவும் ஏறியதாக அவருக்கு நினைவில்லை.

"எந்தக் கட்டிலுங்க?"

"சிங்கப்பூர்லேருந்து கிளம்புத உல்லாசக் கப்பல் அண்ணாச்சி. அதுல ஒவ்வொரு ரூமுலயும் ரெண்டு ஒத்தக் கட்டில் கெடக்கும். கேட்டா ரெண்டையும் நெருக்கிப் போட்டு, மேல ஒரே மெத்தையா விரிச்சுக் குடுப்பான். வேண்டாம்னா இந்தச் சொவத்தோரம் ஒண்ணு, அந்தச் சொவத்தோரம் ஒண்ணு. அதான் எப்படி வேணும்னு கேக்கான்."

"இதை எதுக்குங்க என்னையக் கேக்கறீங்க?"

"உங்களைத்தான முதலாளி கேக்கச் சொன்னாவ. சரி, இங்க ஆளு நிக்காவ. யோசிச்சு வைங்க, பொறவு பேசுதேன்."

சகாயராஜ் தூத்துக்குடிக்காரர். தையல் வேலைக்கென்று திருப்பூர் வந்து, இப்போது ஸ்டேஷன் ரோட்டில் டிராவல்ஸ் ஆபீஸ் வைத்திருந்தார். கப்பலைப் பற்றி அவர் பேசினால் யாரும் குறுக்கே பேசுவதில்லை.

சாமியப்பன் ரிசீவரைக் கையில் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார். காலையில் முதலாளி ரத்தினசாமி மாடிப்படி இறங்கிக்கொண்டே சொன்னது நினைவுக்கு வந்தது. "கப்பல் விசயமா சகாயராஜ் கூப்புடுவான் சாமியப்பா. கேக்கறதுக்கு நீயே பதிலைச் சொல்லிப்போடு." அவ்வளவுதான் சொன்னார். ரத்தினசாமி எப்போதும் அப்படித்தான். பாதிப் பேச்சை வாயால் பேசுவார், மீதியை மனசுக்குள்ளேயே பேசி முடித்துவிடுவார். மனசுக்குள் பேசியதும் எதிராளிக்குக் கேட்டிருக்கும் என்பது அவர் நம்பிக்கை.

கப்பல் பயணம் கம்பெனி முழுக்கத் தெரிந்த சேதிதான். முதலாளியும் அவர் சம்சாரம் சுப்பாத்தாளும் போகிறார்கள். ஆறு மாதம் முன்பு கல்யாணமான மகன் ரித்தீஷும் மருமகள் யாழினியும் போகிறார்கள். யாழினியைப் பெற்ற காங்கேயத்துச் சம்பந்திகளும் போகிறார்கள். மூன்று ஜோடி, மூன்று அறை.

அந்த மூன்று ஜோடியும் சேர்ந்து படுப்பதா, பிரிந்து படுப்பதா என்பதைச் சாமியப்பன் முடிவு செய்ய வேண்டும்.

அவருக்கு இது புது வேலை. கம்பெனி காதர்பேட்டையில் ஒற்றைக் கடையாக இருந்த காலத்திலிருந்து ரத்தினசாமியிடம் ஆபீஸ் பார்க்கிறார். முதலாளிக்காகப் பொண்ணு பார்க்கப் போயிருக்கிறார், பஞ்சாயத்துக்குப் போயிருக்கிறார், ஒருமுறை பல் பிடுங்கவும் கூடப் போயிருக்கிறார். ஆனால் முதலாளி வீட்டில் ஹாலைத் தாண்டி ஓர் அடி உள்ளே வைத்ததில்லை. இப்போது அவரை ஒரே தள்ளாகப் படுக்கையறைக்குள் தள்ளிவிட்டார்கள்.

எதற்கும் முதலாளியையே கேட்டுவிடுவோம் என்று அவர் அறைக்குப் போனார். ரத்தினசாமி ஒரு துணியை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து ஓட்டை இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க, அந்தச் சகாயராஜ் கூப்பிட்டானுங்க. கப்பல்ல கட்டிலு…"

"கேட்டானா? சொல்லிப்போட்டயா?"

"சேத்துப் போடறதா பிரிச்சுப் போடறதான்னு கேக்கறானுங்க. அதை நான் எப்புடீங்க சொல்றது?"

ரத்தினசாமி துணியை இறக்கிவிட்டு அவரை ஏற இறங்கப் பார்த்தார். "நீ சொல்லாம நானா வந்து சொல்லுவேன்? இதுல என்னப்பா வெக்கம். படுக்கறவிய சௌரியந்தானே."

"இல்லீங்க, இருந்தாலும்…"

"ஒனக்குக் கூச்சமா இருந்தா ஊட்டுல ஒரு வார்த்தை கேட்டுக்க." அதற்குள் போன் அடித்தது. ரத்தினசாமி அதை எடுத்து ஜெர்மனிக்காரனிடம் இங்கிலீஷில் சத்தம் போட ஆரம்பித்துவிட்டார்.

சாமியப்பன் வெளியே வந்தார். ஊட்டுல கேட்டுக்க. அதாவது முதலாளியம்மாவிடம் போய், "அம்மா, நீங்களும் முதலாளியும் ஒரே கட்டிலிலா, வேறே வேறேயா?" என்று கேட்க வேண்டும். சுப்பாத்தாள் குரலை உயர்த்தினால் தெருக்கோடியில் நாய் எழுந்து உட்காரும்.

அந்த நேரம் பார்த்து அவருடைய சம்சாரம் சின்னாத்தாள் செல்லில் கூப்பிட்டாள்.

"ஏனுங்க, சோத்துக்கு வரலீங்களா?"

சாமியப்பனுக்கு அவளிடமாவது யோசனை கேட்கலாம் என்று தோன்றியது. குரலைத் தாழ்த்திக்கொண்டு, "சின்னாத்தா, நீ அடிக்கடி முதலாளி ஊட்டுக்குப் போறயே. அவியல்லாம் சேந்து படுக்கறாங்களா, தனித்தனியா படுக்கறாங்களா, ஒனக்கு ஏதாச்சும் தெரியுமா?" என்றார்.

அந்தப் பக்கம் பாத்திரத்தை ணங்கென்று வைக்கும் சத்தம் கேட்டது.

"சின்னாத்தா?"

"உங்களுக்குப் புத்தி கித்தி மாறிப்போச்சுங்களா? அடுத்தவிய படுக்கற எடத்துல உங்களுக்கென்ன சோலி? நம்மூட்டுக் கட்டிலுக்குக் கால் ஒடஞ்சு செங்கல்லு வச்சுப் படுத்துக் கெடக்கறோம். அதைக் கேக்க நாதியில்லே. பத்துமலைக்குக் கூட்டிட்டுப் போறேன்னு பாஸ்போர்ட் எடுத்தீங்க, அது உங்க ஆபீஸ் பீரோவுல தூங்குது. இப்ப ஊரான் கட்டிலை எட்டிப் பாக்கறீங்களாக்கும். சோறு மூடி வச்சிருக்கறேன். வந்தா போட்டுத் தின்னுக்குங்க."

போன் அணைந்தது.

சரி, பெரியவர்களிடம் பிறகு போவோம், சின்னவர்களிடமிருந்து ஆரம்பிப்போம் என்று சாமியப்பன் முடிவு செய்தார். ரித்தீஷ் லண்டனில் படித்தவன். படித்த பையன்களுக்கு இதிலெல்லாம் கூச்சம் கிடையாது.

ரித்தீஷ் கீழே தையல் ஹாலில் இருந்தான். வழக்கம்போலக் கரண்ட் இல்லை. ஜெனரேட்டர் உறுமிக்கொண்டிருந்தது. நூற்றுக்கணக்கான மெஷின்கள் தடதடத்தன. சாமியப்பன் ஆபீஸ் ஆள், அந்தப் பக்கம் அதிகம் வருகிறவர் இல்லை. ரித்தீஷ் காதருகே குனிந்து கேட்டார்.

"தம்பி, பெட்டு ரெண்டையும் சேத்துப் போடறதுங்களா, பிரிச்சுப் போடறதுங்களா?"

படுக்கை என்று சொல்ல நா கூசி, இங்கிலீஷில் கேட்டுவிட்டார்.

"பெட்டுங்களாண்ணா? பிரிச்சே போட்டுருங்க," என்றான் ரித்தீஷ், யோசிக்காமல். "ஒட்டிக் கெடந்தா ஒண்ணையொண்ணு இடிச்சுக்குது. நடுவுல ஓர் ஆள் நடந்து போற அளவுக்கு எடம் வேணும்."

சாமியப்பன் இன்னும் கிட்டே குனிந்தார். "தம்பி, ஆறு மாசந்தானுங்களே ஆச்சு."

"ஆறு மாசத்துலயே இந்தப் பாடுங்கண்ணா. வந்த நாள்லேருந்து ஒரே சத்தம். ஆளை உட்டுப் பாத்தாச்சு, அடங்கறதில்லை. அப்பா அவசரப்பட்டு முடிச்சுட்டாரு. என்னைய ஒரு வார்த்தை கேட்டிருந்தா அப்பவே வேண்டாம்னிருப்பேன்."

இதைச் சொல்லிவிட்டு ரித்தீஷ் சிரித்த முகமாகவே நடந்து போனான். சாமியப்பனுக்குக் கல்யாண நாள் நினைவுக்கு வந்தது. அந்தக் கல்யாணத்தில் பந்தி விசாரித்தது அவர்தான். காங்கேயத்திலிருந்து பெண் எடுக்கலாம் என்று முதலில் வாயைத் திறந்ததும் அவர்தான்.

இது முதலாளியம்மா காதுக்குப் போயே ஆக வேண்டும் என்று மனசு சொன்னது. போகவே கூடாது என்று புத்தி சொன்னது. அவருடைய பழைய டிவிஎஸ் வண்டி மனசு சொன்ன பக்கம் போனது.

சுப்பாத்தாள் ஹாலில் உட்கார்ந்து பயணத்துக்கு வாங்கிய ஸ்வெட்டரைப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வா சாமியப்பா. என்ன, மொகம் பேயறைஞ்சாப்புல இருக்குது?"

"ஒண்ணுமில்லீங்கம்மா. யாழினிப் பாப்பா இல்லீங்களா?"

"அவ காங்கேயத்துல இருக்கறா. தோட்டத்துல மாடு கன்னு போட்டிருக்குது, பாக்கோணும்னு போனா. போயி நாலு நாளாச்சு." இதைச் சொல்லும்போதே சுப்பாத்தாள் அவர் முகத்தை உற்றுப் பார்த்தாள். "ஏன், அவளுக்கென்ன?"

ஒன்றுமில்லை என்றுதான் சாமியப்பன் சொல்ல நினைத்தார். ஆனால் வாயில் வந்தது வேறு. "கப்பல்ல கட்டிலைப் பிரிச்சுப் போடச் சொல்றாருங்க, தம்பி."

ஸ்வெட்டர் கீழே விழுந்தது.

"யாரு கட்டிலை?"

"அவிய ரெண்டு பேர்த்த கட்டிலைத்தானுங்க."

சுப்பாத்தாள் நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். "அட கெரகமே. நாலு நாளா கன்னுக்குட்டியப் பாக்கறாளாக்கும்னு நானும் பேசாம இருந்துட்டனே. மாட்டுக்கன்னை நாலு நாளா ஒருத்தி பாப்பாளா?"

இத்தோடு விட்டால் குடும்பம் சிதறிவிடும் என்று சாமியப்பனுக்குத் தோன்றியது. எப்படியாவது ஒட்ட வைக்க வேண்டும். "நான் வேணா தம்பிகிட்ட இன்னொருக்காப் பக்குவமாப் பேசிப் பாக்கறனுங்க" என்றார்.

"இங்கயே பேசு. என்ற முன்னால பேசு. அந்தப் பட்டனை அமுக்கு, சத்தம் வெளிய கேக்கட்டும்."

சாமியப்பன் எண்ணை அழுத்தி, ஸ்பீக்கரையும் போட்டார்.

"தம்பி, நாந்தானுங்க. அந்தப் பெட்டு விசயம். சேத்தே போட்டுட்டா பெரியவிய மனசுக்குக் கொஞ்சம் நிம்மதியா இருக்குமுங்க."

"பெரியவியளுக்கு இதுல என்னங்கண்ணா தெரியும்?" ரித்தீஷின் குரல் ஹால் முழுக்க ஒலித்தது. "தெனமும் கெடந்து அவதிப்படறது நானு. உங்ககிட்டச் சொல்றதுக்கென்ன, இதைப் பேசாம எடுத்த எடத்துக்கே திருப்பி அனுப்பிச்சரலாம்னு இருக்கறேன். ஜப்பான்ல ஒண்ணு பாத்து வச்சிருக்கறேன்."

"ஜப்பானுங்களா?"

"ஆமாங்கண்ணா. போட்டோ பாத்தீங்கன்னா அசந்துருவீங்க. நல்லா ஒல்லியா இருக்குது. சத்தமே கிடையாது. அப்பாகிட்ட மட்டும் நீங்கதான் நேரம் பாத்துச் சொல்லோணும்."

சுப்பாத்தாள் சோபாவில் சரிந்தாள். வேலைக்காரப் பெண் பெரியாத்தாள் தண்ணீரோடு ஓடி வந்தாள்.

"கட்டுன பொண்டாட்டியை 'இது'ங்கறான், கேட்டயா சாமியப்பா," என்றாள் சுப்பாத்தாள், கண்ணைத் திறக்காமல். "ஜப்பான்காரி வந்து இந்த ஊட்டுல வெளக்கேத்துவாளா? அவளுக்கு அரிசீம்பருப்பு ஆக்கத் தெரியுமா?"

சாமியப்பன் தடுக்கும் முன்பே அவள் காங்கேயத்துக்குப் போன் போட்டுவிட்டாள். "சம்பந்தி, யாழினியைக் கூட்டிட்டு ஒடனே வாங்க. போன்ல பேசற விசயமில்லே." அடுத்த போன் ரத்தினசாமிக்குப் போனது. அவரிடம் ஜப்பானையும் சேர்த்தே சொன்னாள்.

சம்பந்தி சுப்பண்ணன் காங்கேயத்தில் தேங்காயெண்ணெய் மில் வைத்திருப்பவர். மில்லிலிருந்து அப்படியே கிளம்பிவிட்டார் என்பது குவாலிஸ் கதவைத் திறந்ததுமே வாசனையில் தெரிந்தது. பின்னால் அவர் சம்சாரம் ரங்காத்தாளும் யாழினியும் இறங்கினார்கள். பெரியாத்தாள் தண்ணீர்ச் செம்பை நீட்டினாள்.

"தண்ணி இருக்கட்டும்," என்றார் சுப்பண்ணன். "விசயத்தைச் சொல்லுங்க."

சம்பந்தி வீட்டில் தண்ணீர் வேண்டாம் என்று சொன்னால் அதற்கு என்ன அர்த்தம் என்று அங்கே எல்லாருக்கும் தெரியும். சாமியப்பன் செருப்பு விடும் இடத்துக்கு நகர்ந்துகொண்டார். மடத்துக்குளத்தில் அவருடைய பங்காளிகளுக்குக் கொஞ்சம் தென்னந்தோப்பு இருந்தது. அங்கே போய்த் தேங்காய் பொறுக்கிப் பிழைத்துக்கொள்ளலாம் என்று மனசுக்குள் குடிபோய்விட்டார்.

ரத்தினசாமி வந்தார். அவர் பின்னாலேயே ரித்தீஷும் வந்தான். கையெல்லாம் மெஷின் ஆயில். ஹாலில் மாமனாரையும் மாமியாரையும் பார்த்து முகம் மலர்ந்தான்.

"வாங்க மாமா. வாங்கத்தை. சொல்லாமக் கொள்ளாம வந்திருக்கறீங்க?"

"யார்ரா அந்த ஜப்பான்காரி?" என்றார் ரத்தினசாமி.

ரித்தீஷ் சாமியப்பனைத் திரும்பிப் பார்த்தான். "அதுக்குள்ள சொல்லிப்போட்டாரா அண்ணன்? நானே சொல்லலாம்னுதான்ப்பா இருந்தேன். வெலையும் ஒண்ணும் சாஸ்தியில்லே."

ரங்காத்தாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். "வெலை பேசிட்டானே. மாட்டுச் சந்தையாட்ட வெலை பேசிட்டானே."

"ஏனத்தை அழுகறீங்க?" ரித்தீஷ் திகைத்துப் போனான். "மாமா, நீங்களே ஒருக்கா வந்து பாத்துச் சொல்லுங்க. உங்களுக்கும் புடிச்சிருந்தாத்தான் முடிப்பேன்."

சுப்பண்ணன் வேட்டியை மடித்துக் கட்டினார். அடுத்த அடி எங்கே விழும் என்று சாமியப்பன் கண்ணை மூடிக்கொண்டபோது யாழினியின் குரல் கேட்டது.

"ஏனுங்க, மெஷினையா சொல்றீங்க?"

"பின்னே என்னத்தையாம்?" என்றான் ரித்தீஷ். "ஆறு மாசத்துக்கு முன்னால அப்பா வாங்கிப் போட்ட, பனியனுக்கு ஓரம் அடிக்கற மெஷினு. துணி ஓடற தட்டுக்குப் பெட்டுன்னு பேரு. நாங்க மெஷினையே பெட்டுன்னுதான் சொல்லுவோம். ரெண்டை ஒட்டி ஒட்டிப் போட்டு வச்சிருக்கறாங்க, டெய்லருங்க முழங்கை இடிக்குது. சாமியப்பண்ணன் வந்து பெட்டைச் சேத்துப் போடறதா பிரிச்சுப் போடறதான்னு கேட்டாரு. பிரிச்சுப் போடச் சொன்னேன். அதுக்கு எதுக்கு இத்தனை பேரு கூடியிருக்கறீங்க?"

ரங்காத்தாள் வாயிலிருந்து முந்தானையை எடுத்தாள்.

"அத்தை, இவரு தூக்கத்துலயும் மெஷினைப் பத்தித்தான் பொலம்புவாரு," என்றாள் யாழினி. "எனக்குப் பழகிப்போச்சு. உங்களுக்குத்தான் பழகலே."

எல்லார் கண்களும் செருப்பு விடும் இடத்துக்குத் திரும்பின. ரத்தினசாமி இரண்டு எட்டு முன்னால் வந்தார்.

"ஏப்பா சாமியப்பா, ஒன்னைய அந்தச் சகாயராஜ் என்ன கேட்டான்? நீ என்னத்தைப் போயி இவன்கிட்ட…"

அவர் முடிப்பதற்குள் சுப்பண்ணனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முதலில் தோள் குலுங்கியது. பிறகு வயிறு குலுங்கியது. கடைசியில் அந்தப் பெரிய உடம்பு மொத்தமும் சோபாவில் விழுந்து குலுங்கியது. "ஜப்பான்காரி," என்று மட்டும் சொல்லிவிட்டு மறுபடி சிரித்தார். பெரியாத்தாளைப் பார்த்துக் கையை நீட்டினார். "அந்தத் தண்ணியக் கொண்டா கண்ணு."

தண்ணீர் உள்ளே போனதும் வீட்டுக்கு உயிர் வந்தது. சுப்பாத்தாள் காபி போடச் சொன்னாள். ரத்தினசாமிக்கு மறுபடி ஜெர்மனியிலிருந்து போன் வந்தது. சொல்ல வந்த மீதியை வழக்கம்போல மனசுக்குள் சொல்லிக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார்.

சாமியப்பன் காலையிலிருந்து கேட்க முடியாமல் திண்டாடியதை இப்போது அவர்களே சொன்னார்கள். யாழினி தலையைக் குனிந்துகொண்டு, "எங்களுக்குச் சேத்தே போடச் சொல்லிருங்கண்ணா" என்றாள். "எங்களுக்குப் பிரிச்சுப் போடு" என்றாள் சுப்பாத்தாள். "இவிய கொறட்டைக்கு வேற கப்பலே புடிச்சாலும் தகும்." சுப்பண்ணன் வாயைத் திறக்கும் முன் ரங்காத்தாள், "எங்களுக்குச் சேத்து" என்றாள். கட்டிய நாளிலிருந்து அவள் அப்படி முந்திக்கொண்டு பேசி அவர் கேட்டதில்லை போலிருக்கிறது. கையிலிருந்த காபி அவர் வேட்டியில் கொட்டியது.

சாமியப்பன் வெளியே வந்தார். வேப்பமரத்தடியில் நிறுத்தியிருந்த டிவிஎஸ்ஸின் சீட்டில் உட்கார்ந்து, நீளமாக ஒரு மூச்சு விட்டார். வேலை போகவில்லை. ஒரு குடும்பம் உடைந்து மறுபடி ஒட்டிக்கொண்டது. மடத்துக்குளத்துத் தோப்பைப் பங்காளிகளுக்கே மனசார விட்டுக்கொடுத்துவிட்டு, சகாயராஜுக்குப் போன் போட்டார். இந்தத் திருப்பூரில் தன்னைத் தவிர வேறு யாராலும் இதைச் சமாளித்திருக்க முடியாது என்ற தெம்பு குரலில் வந்திருந்தது.

"சகாயராஜ், எழுதிக்குங்க. சின்ன முதலாளிக்குச் சேத்து. பெரிய முதலாளிக்குப் பிரிச்சு. காங்கேயத்துச் சம்பந்திக்குச் சேத்து. இதுக்குள்ள நான் பட்ட பாடு இருக்குதே, அதை நேர்ல பாத்தாச் சொல்றேன்."

சகாயராஜ் காகிதம் புரட்டும் சத்தம் கேட்டது.

"அந்த மூணு ரூமுக்கும் முதலாளி போன வாரமே சொல்லிட்டாவ அண்ணாச்சி, நான் காலையில கேட்டது, உங்களுக்கும் மதினிக்கும்னு அவிய போடச் சொன்ன நாலாவது ரூமைல்லா."